என் பெயரில் ஒரு பொட்டலம்

1975 ஜூலை 8, செவ்வாய்

மழை விடவில்லை. கடைச் சுவரில் பூஞ்சை. நான் துடைக்கத் துடைக்க, என் கணவர் ஷுன்சாகு, "விடேன், பச்சையா நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.

கோபேயிலிருந்து சொந்த ஊர் ஹிரோஷிமாவுக்குத் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. இரும்புக் கல்லில் மாவை ஊற்றி, மேலே கோஸைக் குவித்து, முட்டை உடைத்துப் புரட்டிப் போடுவது எனக்குக் கைவந்துவிட்டது. என் கணவருக்குத்தான் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் இரண்டு ஒகோனோமியாகி அடை தரைக்குப் போயின. வாடிக்கையாளர் ஒருவர் கைதட்டினார். இவர் குனிந்து அவருக்கு வணக்கம் வேறு சொல்கிறார்.

மகள் சயோரிக்குச் சிவப்புத் தொப்பி வேண்டுமாம். இந்த வருடம் நம் ஊர் பேஸ்பால் அணி கோப்பையை வெல்லப் போகிறதாம். அணி தொடங்கிய நாளிலிருந்து வருடா வருடம் யாராவது இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதின்மூன்று வயது, நம்பட்டும்.

ஜூலை 11, வெள்ளி

இன்று நான் செத்துப்போன விஷயம் எனக்குத் தெரியவந்தது.

கடை உரிமத்துக்காக வார்டு அலுவலகம் போயிருந்தேன். என் கையில் இருந்த எண் நாற்பத்தொன்று, கூப்பிட்டுக்கொண்டிருந்தது பதினேழு. பொழுது போகாமல் தாழ்வாரத்துச் சுவரைப் படித்தேன். வருடந்தோறும் ஒட்டுவார்களே, அந்தப் பட்டியல். அணுகுண்டில் இறந்து, சாம்பல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வாங்கிப்போக ஆள் வரவில்லை என்பவர்கள். நான் அதை ஒருநாளும் படித்ததில்லை. என் அப்பா தென்கடலில் கப்பலோடு போனார். அம்மா என் மடியில் போனாள். நான் யாரைத் தேட?

மூன்றாவது வரிசையில், "ஒகிமோதோ நோபுயே, வயது 13, பெண்கள் பள்ளி முதல் வருடம்."

கல்யாணத்துக்கு முன்னால் என் பெயர் அதுதான். எழுத்துகளும் அதேதான். என் பள்ளிதான்.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. மறுபடி எண் வாங்கி ஒரு மணிநேரம் உட்கார்ந்தேன்.

வீட்டில் சொன்னேன். ஷுன்சாகு கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப பதினாறு வருஷமா நான் யாரோட குடும்பம் நடத்தறேன்?"

"பேயோட."

"அதான் சாப்பாடு இவ்ளோ கம்மியா சாப்பிடறியா."

சயோரி, "அம்மா, போன வாரம் மார்க் ஷீட்ல நீ பார்க்காமலே போட்ட கையெழுத்து செல்லாதே. திரும்ப வாங்கிட்டு வந்துடட்டுமா? அப்பா பார்க்க வேண்டாம்" என்றாள். கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருக்கிறாள் என்று இப்படித்தான் தெரிந்தது.

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூலை 12, சனி

சிரித்தது போதும். அந்தச் சாம்பல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 14, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாமா ஒகாயாமாவிலிருந்து இரண்டு பீச் பழம் கொண்டுவந்தார். போர்க்காலம். பழத்தைப் பார்த்தே ஒரு வருடம் ஆகியிருந்தது. நாளைக்கு மத்தியானம் சாப்பிடலாம் என்று அம்மா அவற்றைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டு வைத்தாள். மத்தியானம் நான் எங்கே வீட்டில் இருக்கப் போகிறேன்? நகரத்தின் நடுவில் வீடுகளை இடித்துத் தீத்தடுப்புச் சந்து வெட்டும் வேலைக்கு எங்கள் வகுப்பு முழுவதையும் அனுப்பியிருந்தார்கள். ஓடு பொறுக்குவதும் உத்தரம் இழுப்பதும் எங்கள் வேலை.

ஆறாம் தேதி காலையில் வயிற்றுவலி என்று சொன்னேன். அம்மா நம்பினாள்.

தினமும் மிசவோ குசாட்சுவிலிருந்து டிராமில் வந்து கோய் நிறுத்தத்தில் இறங்கி, எங்கள் வீட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். ஹிரொகானே மிசவோ. சிப்பி வளர்க்கிறவர் மகள், வகுப்பிலேயே உரத்த குரல். அன்றைக்கு டிராம் நெரிசலில் ஆணி மாட்டி அவளுடைய மேல்சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. "இப்படியே போனா டீச்சர் என்னை உரிச்சிடுவாங்க." நான் என் சட்டையைக் கொடுத்தேன். நெஞ்சில் வெள்ளைத் துணிப்பட்டை தைத்தது. பெயர், பள்ளி, ரத்த வகை. என்னுடைய பெயர்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வயித்துவலி மாதிரி தெரியலையே."

"பீச்" என்று காதில் சொன்னேன்.

"திருடி. எனக்கு ஒரு துண்டு வை."

அவ்வளவுதான். ஓடிவிட்டாள். ஏழேகால் மணி இருக்கும். எட்டேகாலுக்குக் கூரை எங்கள் தலைமேல் வந்தது. அம்மா என்னை இழுத்து வெளியே போட்டாள். பிறகு கறுப்பாக மழை பெய்தது. மறுநாளே மாமா எங்களை மலைப்பக்கம் கூட்டிப்போய்விட்டார். எங்கள் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். உயிரோடு இருப்பது நானும் இன்னொருத்தியும். அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல்.

சட்டை எங்கேடி என்று அம்மா பிற்பாடு கேட்டாள். எரிஞ்சு போச்சு என்றேன்.

மிசவோ வீட்டுக்கு ஏன் போய்ச் சொல்லல? சின்னப் பொண்ணு, சரி. இருபது வயசுல ஏன் சொல்லல? முப்பதுல? டிராம்ல போனா பதினஞ்சு நிமிஷம். கோபேல இருந்தேன்னு ஒரு சாக்கு. இந்த மூணு மாசம்?

ஒரு பழத்துக்காகப் பொழச்சவ என்னன்னு போய்ச் சொல்லுவா?

ஜூலை 15, செவ்வாய்

ஷுன்சாகுவிடம் முழுவதையும் சொன்னேன். பழம் உட்பட. பதினாறு வருடத்தில் சொல்லாததை.

இந்த மனிதரை நான் எப்படிப் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். கோபேயில் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் "ஹிரோஷிமா" என்றதும் தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்துபோனார்கள். ரத்தம் கெட்டிருக்கும், குழந்தை எப்படிப் பிறக்குமோ என்று பயம். மூன்றாவதாக வந்த இவர் இன்னொரு கோப்பை கேட்டார்.

இன்றைக்கும் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டு, "அந்த அணுகுண்டு நினைவுமேட்டுக்குக் கீழ எழுபதாயிரம் பேரோட சாம்பல் இருக்காம். முக்காவாசிப் பேருக்குப் பேரே கிடையாது. உன் சட்டையால அந்தப் பொண்ணுக்கு ஒரு பேராவது இருக்கு. தப்பான பேரு, திருத்திடலாம். போய்த் திருத்து" என்றார்.

ஜூலை 17, வியாழன்

நகராட்சி அலுவலகம். இந்தப் பிரிவைப் பார்க்கிறவர் ஓகுரி. வயது இருபத்தைந்துக்குள், கழுத்துப்பட்டை அவரைவிட வயதானது. படிவத்தை எடுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவுங்க?"

"நான்தான் அவங்க."

பேனா நின்றது. "மன்னிக்கணும். தாய், சகோதரி, மகள், மற்றவை. இதுல ஒண்ணைச் சுத்தணும்."

"'தானே'ன்னு ஒரு கட்டம் இருக்கா?"

நல்ல பிள்ளை, படிவத்தை மேலிருந்து கீழ்வரை நிஜமாகவே தேடிப் பார்த்தார். "இல்லைங்க."

மேலதிகாரியைக் கூட்டிவந்தார். அவர் முதலில் பார்த்தது என் காலை. பேய்க்குப் பாதம் கிடையாதே. நான் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். அதன்பிறகுதான் உட்காரச் சொன்னார்.

விவரம் சொன்னதும் இருவர் முகமும் மாறிவிட்டது. பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தகவல் சொல்கிறேன் என்றார் ஓகுரி. நான் உயிரோடிருப்பதற்குச் சான்றாகக் குடும்பப் பதிவு நகல் கொண்டுவர வேண்டுமாம். அதை வாங்க அதே வார்டு அலுவலகத்தில் இன்னொரு வரிசை.

ஜூலை 22, செவ்வாய்

ஓகுரி தொலைபேசியில் பேசினார். நினைவுமேட்டின் கீழறைக்கு அவரே இறங்கிப் போனாராம். காகிதப் பொட்டலம். முன்பக்கம் என் பெயர். பின்பக்கம் பென்சிலில் யாரோ சிப்பாய் எழுதியதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. வாசித்தார்.

"சட்டையிலிருந்த பட்டையைப் பார்த்து எழுதியது. பேச்சில்லை. இடது சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. நினோஷிமா தீவு, காயம்பட்டோர் முகாம். இறப்பு ஆகஸ்ட் 9 காலை."

பிறகு மெல்ல, "அம்மா... உங்க விரல்?"

என் சுண்டுவிரல் முழுசாக ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிசவோவுடையதுதான் குட்டை. எட்டு வயதில் சிப்பிக் கத்தி பட்டது.

கல்லில் இருந்தது கருகிவிட்டது. வாடிக்கையாளரே அடுப்பை அணைத்தார்.

ஜூலை 24, வியாழன்

மிசவோவின் அப்பா இருக்கிறாரா என்று குசாட்சு மீனவர் சங்கத்தில் ஷுன்சாகு விசாரித்தார். ஹிரொகானே தொகுஜி, எழுபத்தாறு வயது. இருக்கிறாராம். மனைவி கிமி அம்மாள் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டாள். வேறு பிள்ளைகள் இல்லை. இன்னும் படகில் போகிறார். "அவரையா பார்க்கப் போறீங்க? ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க" என்றார்களாம்.

ஜூலை 27, ஞாயிறு

போனேன்.

வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். சின்ன உருவம், பெரிய கை.

"ஹிரொகானே மாமா, நான் ஒகிமோதோ நோபுயே. மிசவோகூடப் படிச்சவ."

நிமிர்ந்து பார்த்தார். "நீ செத்துட்டியே."

"அப்படித்தான் ஆபீஸ்லயும் சொல்றாங்க."

"கிண்டலா? நானே படிச்சேன். நினோஷிமா சுவத்துல பேர் எழுதி ஒட்டியிருந்தான். ஒகிமோதோ நோபுயே. அடப்பாவமே, கோய் வீட்டுப் பொண்ணும் போச்சேன்னு நினைச்சேன். உங்கம்மாகிட்டச் சொல்லணும்னு வந்தா வீடு இடிஞ்சு கிடக்கு, ஆளில்லை."

நான் சொன்னேன். சட்டையை, பட்டையை, விரலை. பழத்தைச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தேன் என்றேன். மறுபடியும் பொய். முப்பது வருடம் கழித்து, அந்த முகத்துக்கு நேராக.

கயிறு அவர் கையில் அப்படியே நின்றது. "தேதி போட்டிருக்கா?"

சொல்ல மாட்டேன் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். "ஒன்பது. காலைல."

"நான் அங்க போனது எட்டாந்தேதி."

கடல் பக்கம் யாரோ படகு மோட்டாரை இழுத்து இழுத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவே இல்லை.

"மிசவோ மிசவோன்னு கத்திக்கிட்டே போனேன். ஒவ்வொரு அறையா. உன் பேரைப் படிச்சிட்டு, இது நம்ம பொண்ணு இல்லைன்னு அடுத்த கட்டடத்துக்குப் போயிட்டேன்." பிறகு, "நீ போம்மா" என்றார்.

வந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

ஏதும் எழுதத் தோன்றவில்லை. அணி ஜெயித்தது என்று சயோரி சொன்னாள்.

ஆகஸ்ட் 2, சனி

பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். சுத்தமான சட்டை, இஸ்திரி போட்டது. தொகுஜி மாமா. கல்லுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு போடு."

போட்டேன். தின்றார். "சாஸ் ஜாஸ்தி." முழுவதையும் தின்றார். "இன்னொண்ணு போடு. சாஸ் கம்மியா."

இரண்டாவதைத் தொடாமல், "அன்னைக்கு என்னென்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாம சொல்லு. நான் அஞ்சு மணிக்கே படகுக்குப் போயிட்டேன், அவளைப் பார்க்கலை. கடைசியா பார்த்தது நீதான்" என்றார்.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஷுன்சாகு கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் சொன்னேன். இந்தத் தடவை பீச்சிலிருந்து தொடங்கினேன். பொய்யை, கிணற்றுத் தண்ணீரை, காதில் சொன்னதை, திருடி என்றதை, ஒரு துண்டு கேட்டதை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். மூக்கு ஒழுக, அசிங்கமாக.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"எங்க மிசவோவா இருந்திருந்தா ரெண்டு பழத்தையும் தின்னுட்டு, கொட்டையை உனக்கு வெச்சிருப்பா. அவளா? சிப்பி உடைக்கச் சொன்னா எட்டு வயசுல விரலை வெட்டிக்கிட்டா. ரத்தம் கொட்டுது, இவ என்ன கேட்டா தெரியுமா? 'அப்பா, இனிமே நான் உடைக்க வேண்டாமில்ல?' அவ கூட்டாளி பீச்சுக்குப் பொய் சொல்லாம வேற எதுக்குச் சொல்லுவா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரிச்சிக்கிட்டுத்தான் போனாளா?" என்றார்.

"ஓடினா மாமா. சட்டை அவளுக்குப் பெரிசு. கையை மடக்கி விட்டுக்கிட்டே ஓடினா."

"அது போதும்" என்று இரண்டாவதைத் தின்றார். அதற்குள் ஷுன்சாகு ஒன்றைத் தரையில் போட்டிருந்தார். தொகுஜி மாமா எட்டிப் பார்த்து, "உன் புருஷன் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தான்?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

எட்டேகாலுக்கு நினைவு மணி அடித்தது. அடுப்பைத் தாழ்த்திவிட்டு நின்றேன். தெருவில் பால்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எதிர்வீட்டு நாய் மட்டும் நடந்தது.

இத்தனை வருடமும் இந்த நிமிடத்தில் நான் கண்ணை மூடுவேன். இன்று மூடவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஓகுரி எல்லாக் காகிதத்தையும் தயார் செய்துவிட்டார். என் வாக்குமூலம், குடும்பப் பதிவு நகல், மேலதிகாரி ஒப்பம். மிசவோவின் அப்பா ஒரே ஒரு இடத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினால் போதும். படிவத்தைக் குசாட்சுவுக்குக் கொண்டுபோனேன்.

படித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டேன்."

"மாமா?"

"பேரை மாத்திக்கச் சொல்லு. பொட்டலம் அங்கயே இருக்கட்டும்."

"ஏன் மாமா? இத்தனை வருஷம் தேடினீங்களே."

"தேடினேன். தேடிக்கிட்டு இருந்தவரைக்கும் அவ சாகலை. எங்கயோ ஞாபகம் தப்பிப்போயி, ஒசாகாவுல யாரையோ கட்டிக்கிட்டு, புருஷனைத் திட்டிக்கிட்டு இருக்கான்னு வெச்சிருந்தேன். நாலு பிள்ளை. கடைசிப் பையன் என்னை மாதிரி. எல்லாம் நான் பெத்து வளர்த்தது, இங்கிருந்தே." தலையைத் தட்டிக் காட்டினார். "இதுல முத்திரை குத்தினா அவங்க ஆறு பேரும் போயிடுவாங்க."

இதற்கு ஓகுரியிடம் கட்டம் இருக்கிறதா?

ஆகஸ்ட் 23, சனி

மாமா கடைக்கு வந்தார், சாஸ் கம்மி. முத்திரையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சயோரி திறந்தாள். இந்தப் பெண்ணுக்கு வாய்க்குப் பூட்டில்லை.

"தாத்தா, எப்பதான் குத்துவீங்க?"

ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா அதை முகவாயால் காட்டினார். "இவனுங்க கோப்பையை ஜெயிக்கிற அன்னைக்கு."

கடையே சிரித்தது. கிழவர் நல்ல கெடு வைத்தார், இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்றார் ஒருவர்.

சயோரி சிரிக்கவில்லை. "சத்தியமா?"

"மீன்காரன் வார்த்தை."

செப்டம்பர் 10, புதன்

அணி இன்னும் முன்னணியில்தான் இருக்கிறது. நான் வாழ்க்கையில் முதல்முறையாக விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்கிறேன். ஷுன்சாகு என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

மாமா வாரம் இரண்டு நாள் வருகிறார். "இப்ப ஆடுவானுங்க. இலையுதிரும்போது சேர்ந்து உதிர்வானுங்க. இருபத்தஞ்சு வருஷமா பார்க்கிறேன்." சொல்லிக்கொண்டே ரேடியோ சத்தத்தைக் கூட்டுகிறார்.

செப்டம்பர் 25, வியாழன்

ரத்தப் பரிசோதனை நாள். வெள்ளை அணு கொஞ்சம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள். இப்படியே ஆறு ஆறு மாதமாக வருடங்கள் போய்விட்டன. டாக்டரும் இன்று சிவப்புத் தொப்பி.

அக்டோபர் 10, வெள்ளி

மாமாவிடம் கேட்டேன். "ஜெயிச்சா உங்களுக்குச் சந்தோஷமா, தோத்தாச் சந்தோஷமா?"

"போன வாரம் தோத்தப்ப நல்லா தூங்கினேன். காலைல எழுந்தா வயிறு எரிஞ்சுது. முந்தாநாள் ஜெயிச்சான். கத்தினேன். கத்திட்டு உட்கார்ந்து அழுதேன். இந்த வயசுல இவனுங்க என்னை என்ன பண்றானுங்க பாரு."

சயோரி அவர் தட்டில் ஒரு முட்டை சேர்த்து வைத்தாள்.

அக்டோபர் 15, புதன்

ராத்திரி. கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

டோக்கியோவில் ஆட்டம். கடையில் உட்கார இடமில்லை, தெருவரை நின்றார்கள். கடைசிப் பந்தைப் பிடித்ததும் கோப்பை எங்களுடையது. பிறகு முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பால்காரர் ஷுன்சாகுவைத் தூக்கிவிட்டார். சயோரி மேஜைமேல் ஏறி நின்றாள், நான் இறங்கச் சொல்லவில்லை. ஒரு முதியவர், "எரிஞ்ச ஊருக்கு இதுவும் வந்துச்சே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா மட்டும் இல்லை. வரமாட்டார் என்று நினைத்தேன். அவரை யார் குற்றம் சொல்வது?

அரைமணி கழித்துக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தார். டிராம் நகரவில்லையாம், ஜனங்கள் தண்டவாளத்தில் ஆடுகிறார்களாம், பாதி வழி நடந்தே வந்திருக்கிறார். இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார்.

"எடு அந்தக் காகிதத்தை. மனசு மாறறதுக்குள்ள."

படிவத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் விரித்தேன். முத்திரையில் ஊதி, இரண்டு கையாலும் அழுத்தினார். எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார். சயோரி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கடை முழுவதும் பாட்டு. அவர் குத்தியது என்ன என்று எங்கள் நால்வரைத் தவிர யாருக்கும் தெரியாது.

படிவத்தின் மூலையில் சாஸ் கறை.

அக்டோபர் 17, வெள்ளி

ஓகுரி படிவத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். பதிவேட்டில் என் பெயரின்மேல் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் "ஹிரொகானே மிசவோ" என்று எழுதினார். அழகான கையெழுத்து.

"உங்களை நீக்கிட்டோம், மன்னிக்கணும்."

"ரொம்ப நன்றி."

வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னப் பெட்டி. மாமா வாங்கியதும் கை கொஞ்சம் மேலே போய்விட்டது. கனமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். துணியைக் கழுத்தில் கட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு என்னை அருகில் கூப்பிட்டு, பெட்டியைத் தொடச் சொன்னார். தொட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன், வாயில் வந்தது "வந்துட்டியா" என்பதுதான்.

திரும்பும்போது டிராமில் ஓட்டுநரிடம், "ரெண்டு பேர்" என்றார். ஓட்டுநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் ஐயா" என்றார்.

"பள்ளிக்கூடப் பொண்ணு. ஓசில வரமாட்டா."

இருவருக்கும் காசு போட்டார். நான் என்னுடையதைப் போட்டேன். சன்னல் ஓரம் அவளுக்கு.

அக்டோபர் 20, திங்கள்

வெற்றி ஊர்வலம். அகலச் சாலையின் இருபுறமும் ஊரே நின்றது. பள்ளிக்கு அரைநாள் மட்டம் போடுவதற்குச் சயோரி கேட்கவே இல்லை, நானும் கண்டுகொள்ளவில்லை.

மாமா பெட்டியோடு வந்திருந்தார். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பயந்தேன். சுற்றிப் பார்த்தால் அங்கங்கே இறந்தவர்களின் படங்கள். கணவன், அண்ணன், பள்ளிச் சட்டையில் பிள்ளைகள். கறுப்புச் சட்டமிட்ட படங்களை வீரர்களின் கார் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் கையில் மீசைக்காரர் ஒருவர்.

"உங்களுடையது யாரு?" என்று மாமாவைக் கேட்டாள்.

"மக. அம்பத்திரண்டு பேர்ல இவளுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி. இன்னைக்குப் பாருங்க, வாயே திறக்கலை."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரும்தான். சாராயம் உள்ள போனாத்தான் பேசுவாரு."

கார்கள் வந்தன. மாமா பெட்டியைத் தலைக்குமேல் தூக்கினார். கை நடுங்கியதும் ஷுன்சாகு பின்னாலிருந்து அவர் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டார். கீழே போடவில்லை. பதினாறு வருடத்தில் இந்த மனிதர் எதையும் இவ்வளவு கவனமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

குசாட்சு கோவிலில் மிசவோவை அவள் அம்மாவின் பக்கத்தில் வைத்தோம். ஓகுரியும் வந்திருந்தார், அதே கழுத்துப்பட்டை. துறவி மந்திரத்தை நீட்டிக்கொண்டே போக, மாமா, "சாமி, அவளுக்குப் பொறுமை கிடையாது" என்றார்.

பிறகு அவர் வீட்டில் இந்தப் பருவத்தின் முதல் சிப்பி. உடைக்கிற கத்தியை என்னிடம் கொடுத்தார். பத்துச் சிப்பிக்குள் கையில் கீறிக்கொண்டேன். "விரல் இருக்கா, எண்ணிப் பாரு" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

சயோரி கணக்கில் நாற்பத்தாறு. நான் கையெழுத்துப் போட்டேன். செல்லும்.

நவம்பர் 24, திங்கள்

பத்து நாளாக மாமா கடைக்கு வரவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருந்தது. இன்று மதியம் கடையை ஷுன்சாகுவிடம் விட்டுவிட்டுக் குசாட்சு போனேன்.

கதவு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "அவரா? பெப்புவுக்குப் போயிருக்கார். வெந்நீர் ஊற்றுல குளிக்க. மூணு நாள்னு போனவர் ஆறு நாளாச்சு. என் நல்ல சூட்கேஸை வேற வாங்கிட்டுப் போயிட்டார்."

"நல்லா இருக்காரா?"

"நேத்து அஞ்சலட்டை வந்துது. தண்ணி ரொம்பச் சூடாம், சோறு ரொம்பக் குழைவாம், இன்னும் நாலு நாள் இருக்கப் போறாராம்." துணியை உதறினாள். "நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. அந்த மனுஷன் ஒரு ராத்திரி வெளில தங்கி நான் பார்த்ததில்லை. சங்கத்துல எல்லாரும் சுற்றுலா போவாங்க, இவர் மாட்டார். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது தெரியுமா? பொண்ணு சாவி எடுத்துட்டுப் போகலைன்னு சொல்லுவார். போன வாரம்தான் ஆள் வெச்சு மாட்டினார்."

புதுப் பூட்டு. பித்தளை. நான் கிட்டே போய் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பூட்டியிருந்தது.